‘சித்தாள் இரண்டு’ என்று எழுதாதீர்கள்!

வீடு கட்டும் குடும்பங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பெரும்பாலும் அதை எழுதுவது நாம்தான். சிமெண்ட் இத்தனை மூட்டை, எம்-சாண்ட் இத்தனை யூனிட், முக்கால் ஜல்லி ஒரு லோடு, கம்பி, சென்ட்ரிங் பலகை வாடகை, தண்ணீர் லாரி, ஆட்களுக்கு டீ, வடை என்று ஒன்று விடாமல் குறித்து வைப்போம். ஒரு கிலோ ஆணி வாங்கினால்கூட அந்த நோட்டில் ஏறிவிடும்.

அந்த நோட்டில் சனிக்கிழமைக் கூலிப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மேஸ்திரியின் பெயர் இருக்கும். கொத்தனாரின் பெயர் இருக்கும். அதற்கு அடுத்த வரியில் ‘சித்தாள் 2’ என்று இருக்கும். அவ்வளவுதான். மூட்டைக்கும் யூனிட்டுக்கும் எப்படி எண் போடுகிறோமோ, அப்படியே இதற்கும் ஓர் எண்!

காலை ஒன்பது மணிக்குத் தலையில் சும்மாடு வைத்தால் மாலை வரை செங்கல்லும் கலவையும் சுமந்து, நம் வீட்டுச் சுவரை எழுப்புகிறவள் அந்தப் பெண். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா, இல்லையா என்பதில்தான் அவளுடைய பிரசவச் செலவும், பிள்ளைகளின் படிப்பும், வயதான காலத்து வருமானமும் அடங்கியிருக்கின்றன. சட்டம் என்றால் வக்கீல்கள் படிக்க வேண்டிய விஷயம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. இது நம் வீட்டு வாசலில் நடக்கிற விஷயம்.

கல்லில் எழுதிய சம்பளப் பட்டியல்

என் சின்ன நாத்தனார் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள திருமுக்கூடலில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். பாலாறு, செய்யாறு, வேகவதி என்று மூன்று ஆறுகள் கூடுகிற இடம் என்பதால் ஊருக்கு இந்தப் பெயர். எதிர்க்கரையில் பழைய சீவரம். பொங்கலை ஒட்டி நடக்கும் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் இந்தப் பக்கம் எழுந்தருளும்போது கூட்டம் அலைமோதும்.

அங்கே ஆற்றங்கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய பெரிய கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சேர்ந்த பாடசாலை, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயர் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது நோயாளிகளுக்கான மருத்துவமனை ஆகியவற்றின் செலவுக் கணக்கு அதில் இருக்கிறது. மருத்துவமனையில் 15 படுக்கைகள். மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்துக்கான எண்ணெய்கூடக் கணக்கில் வருகிறது!

என்னை நிறுத்தி வைத்தது சம்பளப் பட்டியல்தான். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்று எழுதியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அறுவை சிகிச்சை செய்பவர், மூலிகை பறித்து விறகு கொண்டு வந்து மருந்து காய்ச்சுகிற ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டு வருபவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கூலி குறித்திருக்கிறார்கள். தண்ணீர் சுமப்பவருக்கு என்ன பாத்தியதை என்பதையும் கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. சுமார் 950 வருஷம் கழித்து, அதே ஊரில் கலவை சுமக்கிற பெண்ணின் பெயர் ஒரு காகிதத்தில்கூட இல்லை என்றால் எப்படி?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்

நான் போயிருந்த அன்று லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பியிருந்தது. மத்தியானம் ஆட்கள் வேப்பமர நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு சித்தாள்கள். ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மற்றவள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண். பெரியவர் ‘அப்பாடா’ என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“எத்தனை வருஷமா இந்த வேலைக்கு வர்றீங்கம்மா?” என்று கேட்டேன்.

“அது ஆச்சும்மா இருபத்தஞ்சு வருசம். மின்னாடி நானும் அவரும் கல்லுடைக்கப் போய்க்கினு இருந்தோம். அவரு இருமி இருமியே போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் நான் கட்டட வேலைக்கு வந்துட்டேன்.”

திருமுக்கூடலைச் சுற்றிக் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. நம் வீட்டுக்கு வருகிற ஜல்லியும் எம்-சாண்டும் இப்படிப்பட்ட ஊர்களின் புழுதியில் பிறந்து வருபவைதான்.

“நல வாரியத்துல கார்டு இருக்கா?”

“இருக்குது. எங்க தெருவுல ஒரு தம்பி எழுதிக் குடுத்துச்சு. பொண்ணு படிக்கச் சொல்லோ பணம் கூட வந்துச்சும்மா. அப்பால புதுப்பிக்கணும்னாங்க, வுட்டுட்டேன். வேலைய வுட்டுட்டு யாரு அலையறது?”

சின்னப் பெண் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரியவரே சொன்னார்: “இவளுக்கு நாலு மாசம்மா. சொன்னா கேக்க மாட்டேங்கறா, சுமக்கறா.”

“வூட்ல குந்திக்கினா யாருக்கா குடுப்பா?” என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவளுக்குக் கார்டு இல்லை. நல வாரியத்தில் பெயர் பதிந்த பெண்ணுக்குப் பிரசவ உதவித் தொகை உண்டு. கருச்சிதைவு ஏற்பட்டாலும் உதவி உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. சொன்னபோது, “நெசமாவா?” என்று நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

சட்டம் வந்த கதை

கட்டடத் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டுப் போராடியதில் தமிழ்நாட்டுக்கு முக்கியமான இடம் உண்டு. 1982-ஆம் ஆண்டிலேயே இங்கே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அதன் கீழ்க் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது 1994 நவம்பரில்தான். பன்னிரண்டு வருஷம்! சட்டம் வந்த ஆண்டு பிறந்த குழந்தை ஏழாம் வகுப்புக்கே போயிருக்கும்.

இதற்கிடையே நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று தொழிலாளர் அமைப்புகள் 1985-இல் ஒன்று கூடின. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கினார். பத்து ஆண்டுகளுக்கு மேல் போராடிய பிறகு 1996-இல் இரண்டு மத்தியச் சட்டங்கள் வந்தன. ஒன்று கட்டுமானத் தொழிலாளரின் வேலை நிலைமை பற்றியது. மற்றொன்று கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் தொழிலாளர் நலனுக்காக வசூலிப்பது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2006-இல் வந்தன. மறுபடியும் பத்து வருஷம்.

பணம் வசூலானது. செலவானதா? 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் அந்தக் கணக்கை எடுத்துக் காட்டியது. நாடு முழுவதும் வசூலான தொகை 37,400 கோடி ரூபாய்க்கு மேல்; தொழிலாளருக்காகச் செலவானது சுமார் 9,500 கோடிதான். மீதி எங்கே என்று கேட்டால், அங்கங்கே வாரியங்களின் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. காரணம் என்ன? உதவி பெற வேண்டியவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. பெயர் இல்லாதவருக்குப் பணம் கொடுப்பது எப்படி?

பெயர் ஏறினால் என்ன கிடைக்கும் என்பதை 2020 கொரோனா ஊரடங்கில் கண்ணால் பார்த்தோம். வேலையெல்லாம் நின்றுபோன அந்த நாட்களில் தமிழ்நாட்டில் வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெயும் கொடுத்தார்கள். அதே சாரத்தில் அதே வேலை பார்த்த, ஆனால் பதிவு செய்யாத பெண் அந்த வரிசையில் நிற்க முடியவில்லை.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2014 ஜூன் 28 அன்று, காஞ்சிபுரம் மாவட்டம் மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதில் பலர். ஒரு கட்டடம் விழுந்தால் முதலில் எழும் கேள்வி, ‘உள்ளே யார் யார் இருந்தார்கள்?’ என்பதுதான். அதற்கு உடனே பதில் சொல்லக்கூடியது பெயர் எழுதிய ஏடு ஒன்றுதான்.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றைச் சேர்த்து நான்கு தொகுப்புகளாக்கி, 2019, 2020-ஆம் ஆண்டுகளில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மத்திய அரசு 2025 நவம்பர் 21-ஆம் தேதி அவற்றை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டங்களும் இவற்றுக்குள் அடங்கிவிட்டன.

நல்லவை சில உண்டு. பதினெட்டு வயது நிறைந்து அறுபது நிறையாத, கடந்த பன்னிரண்டு மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்தவர் பயனாளியாகப் பதிவு பெறலாம் என்ற பழைய விதி தொடர்கிறது. தொழிலாளர் நல வரி ஒரு சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு சதவீதம் வரை போகலாம். முன்பு ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்தில்தான் குழந்தைகள் காப்பறை கட்டாயம். இப்போது ஆணோ பெண்ணோ, ஐம்பது தொழிலாளருக்கு மேல் இருந்தாலே வேண்டும். இது பெரிய மாற்றம். குழந்தையை வளர்ப்பது தாயின் தலையெழுத்து மட்டும் அல்ல என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற 1976-ஆம் ஆண்டுக் கொள்கையும் புதிய ஊதியத் தொகுப்பில் இருக்கிறது.

ஆனால் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டின் செலவு 10 லட்சத்துக்குள் இருந்தால் பழைய சட்டம் விலக்கு அளித்தது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமும் வெளியே நிற்கிறது. வீடு கட்டும் குடும்பத்துக்குச் சுமை குறைகிறது, வாஸ்தவம்தான். ஆனால் கிராமத்திலும் சிறு நகரத்திலும் நாம் கட்டுகிற வீடுகள் அநேகமாக இந்த வரம்புக்குள்தானே வரும்? அப்படியானால் காப்பறை, பாதுகாப்பு, பதிவேடு என்று சட்டம் வற்புறுத்துவதெல்லாம் பெரிய அடுக்குமாடிக் கட்டடங்களோடு நின்றுவிடுகிறது. நம் வீட்டு வாசலில் சட்டத்தின் கண் படாது. வீட்டுக்காரியின் கண்தான் படவேண்டும்!

தொழிலும் மாறுகிறது

தொழில் மாறும் வேகமும் இந்தப் பெண்களை நெருக்குகிறது. முன்பெல்லாம் ‘தளம் போடுகிற நாள்’ என்றால் திருவிழா மாதிரி இருக்கும். சாரப்பலகையில் வரிசையாக இருபது முப்பது பேர் நின்று, இரும்புச் சட்டியில் கான்கிரீட்டைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். அவர்களில் பெண்களே அதிகம். இப்போது ரெடிமிக்ஸ் லாரி வருகிறது. குழாய் வழியாகக் கான்கிரீட் மேலே போகிறது. ஒரு பொழுதில் தளம் முடிந்துவிடுகிறது. ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்ததால் சல்லடை போட்டு மணல் சலிக்கிற வேலையும் குறைந்துவிட்டது.

வீட்டு அனுமதியும் வேகமாகிவிட்டது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறும் வசதியைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டு வந்தது. ‘எல்லாம் சீக்கிரம் ஆயிடுது’ என்று நாம் சந்தோஷப்படுகிறோம். சித்தாளுக்கோ, வேலை சீக்கிரம் முடிந்தால் கூலி நாளும் சீக்கிரம் முடிகிறது.

அவள் ஏன் கொத்தனார் ஆகவில்லை என்று என்றாவது யோசித்தோமா? பத்து வருஷம் சித்தாளாக இருந்த ஆண் ‘கரண்டி பிடித்து’ கொத்தனார் ஆகிவிடுகிறார். இருபத்தைந்து வருஷம் கலவை சுமந்த பெண் சித்தாளாகவே இருக்கிறாள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சட்டம் சொன்னாலும், அந்த ஒரே வேலையை அவள் கையில் கொடுத்தால்தானே? கலவை எத்தனைக்கு எத்தனை, எவ்வளவு தண்ணீர் என்று அந்தப் பெரியவர் பார்த்த பார்வையிலேயே சொல்கிறார். மாவு பதம் பார்க்கிற கைக்குக் கலவைப் பதம் தெரியாதா என்ன?

உடம்புக்கு என்ன ஆகிறது?

வயது வந்த பெண் ஒருத்தி தூக்கவோ சுமக்கவோ கூடிய எடை 30 கிலோ என்று 1998-ஆம் ஆண்டு வந்த மத்தியக் கட்டடத் தொழிலாளர் விதிகள் வரையறுத்தன. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கர்ப்ப காலத்திலும், பிரசவமான சில வாரங்களிலேயே மறுபடியும் பாரம் சுமப்பதாலும் அடிவயிற்றுத் தசைகள் தளர்ந்து கர்ப்பப்பை கீழிறங்கும் உபத்திரவம் வரக்கூடும். வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் வருஷக்கணக்காக அவஸ்தைப்படுகிற பெண்கள் உண்டு.

ஈர சிமெண்ட் தோலை அரிக்கும். விரல் இடுக்கிலும் பாதத்திலும் வெடிப்பும் புண்ணும் வரும். வேலை முடியும்வரை காத்திராமல் அவ்வப்போது நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ரப்பர் கையுறையும் பூட்ஸும் இருந்தால் மிகவும் நல்லது.

கல் தூளும் டைல்ஸ், கிரானைட் அறுக்கும் தூசியும் இன்னும் மோசமானவை. அவற்றில் உள்ள சிலிகா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும். அதற்குப் பூரண குணம் கிடையாது. காசநோய் தொற்றவும் அது வழி விடுகிறது. உலர அறுக்காமல் தண்ணீர் விட்டு அறுக்கச் சொன்னால் தூசி பெருமளவு அடங்கும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் அதுவே நல்லது.

நாம் செய்யக்கூடியவை

வீடு கட்டுகிறவர்களும், மாடி எழுப்புகிறவர்களும், ஒரு குளியலறையை மாற்றிக் கட்டுகிறவர்களும் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளே வேலைக்கு வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். யார் எந்த நாள் வந்தார்கள் என்று தேதியோடு குறியுங்கள். ‘சித்தாள் 2’ வேண்டாம். கூலியை மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்தாலும், அந்தப் பெண்ணுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று அவளிடமே கேளுங்கள்.

நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா, புதுப்பித்தாயிற்றா என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டில் இதை இணையத்திலேயே செய்யலாம். பக்கத்து இ-சேவை மையத்திலும், மாவட்டத் தலைநகரில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்திலும் விவரம் கிடைக்கும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், வேலை செய்ததற்கான சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். நம்மிடம் வேலை செய்தவருக்கு நாள் கணக்கோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், கண்ணாடி, விபத்து, மரணம், அறுபதுக்குப் பின் ஓய்வூதியம் என்று வாரியம் பல உதவிகளைத் தருகிறது. எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான்: பதிவு.

கர்ப்பிணி என்று தெரிந்தால் பாரம் சுமக்க வைக்காமல் தண்ணீர் ஊற்றுவது, சாமான்களை எண்ணி வைப்பது போன்ற இலகுவான வேலை கொடுக்கும்படி மேஸ்திரியிடம் சொல்லுங்கள். ‘நாளைலேர்ந்து வராதே’ என்று அனுப்பிவிடுவது உதவியாகாது.

குடிக்க நல்ல தண்ணீர், ஒதுங்க ஒரு மறைவிடம், கைக்குழந்தை இருந்தால் தூளி கட்ட ஒரு நிழல், இவை மூன்றையும் அஸ்திவாரம் தோண்டும்போதே ஏற்பாடு செய்துவிடலாம். நான்கு தகரமும் ஒரு பேசினும் போட்ட தற்காலிகக் கழிப்பறையைப் பின்னால் காவலாளுக்கும் பயன்படுத்தலாம்.

என் நாத்தனார் அடுத்த சனிக்கிழமையே நோட்டில் இரண்டு பெயர்களையும் எழுதினாள். சின்னவளுக்கு வேலைச் சான்று எழுதிக் கொடுத்து, வாலாஜாபாத்துக்குப் போய்ப் பதிவு செய்ய அரைநாள் கூலியோடு லீவும் கொடுத்தாள். விண்ணப்பம் போயிருக்கிறது, அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. பெரியவருக்குப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது.

வீடு முடிந்ததும் கிரகப்பிரவேசத்துக்கு மேஸ்திரிக்கு வேட்டி, கொத்தனாருக்குச் சட்டை என்று வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். சித்தாளுக்கும் ஒரு புடவை எடுப்போம், சந்தோஷம். அந்தப் புடவை கிழிவதற்குள் அவள் வேறு எத்தனையோ வீடுகளுக்குச் சுமந்திருப்பாள். அதோடு அவள் பெயர் எழுதிய ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள். அவளுக்கு அறுபது வயதாகும்போதும் அது சோறு போடும்.